குளியலறையில் காத்து அடித்த கதைகள்

கேஸ் கீசர் ரிப்பேர்காரனைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தலையில் ஷாம்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக நின்றுகொண்டுதான் கூப்பிடுகிறார்கள். ஆகவே எங்கள் தொழிலில் போனை எடுத்ததும் 'வணக்கம்' காதில் விழுவது அபூர்வம். நீங்களும் அப்படி ஒரு நாள் நின்றவர் என்றால் நான் சொல்வது புரியும். நின்றதில்லை என்றால் உங்கள் வீட்டுக் கீசர் இன்னும் புதிது என்று அர்த்தம்.

தூத்துக்குடி வெயிலில் வெந்நீர் யாருக்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, கடலில் நனைந்து கரையேறுகிறவர்களுக்கு, மார்கழியில் எல்லோருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்தவர்கள் கேஸ் கீசர் வாங்குகிறார்கள். சுவரில் மாட்டிய ஒரு பெட்டி, உள்ளே ஒரு பர்னர், அதற்கு மேல் வளைந்து போகும் செம்புக் குழாய். தண்ணீரைத் திறந்தால் தீ பற்றும், மூடினால் அணையும். வேம்பாரில் தொடங்கி குலசேகரன்பட்டினம் வரை கடற்கரை ரோட்டில் இந்தப் பெட்டிகளைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு.

பேட்டரி

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. தண்ணீர் வருகிறது, தீ பற்றவில்லை. திறந்ததும் கேட்க வேண்டிய 'டிக் டிக்' சத்தமே இல்லை. கீசருக்கு அடியில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினேன். போன தடவை நானே போட்டுவிட்டுப் போன புது பேட்டரிகளைக் காணோம். அந்த இடத்தில் பச்சை பூத்த இரண்டு கிழங்கள் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்காரர் கடலுக்குப் போகும்போது புதியதை டார்ச்சுக்கு எடுத்துக்கொண்டு, டார்ச்சில் இருந்ததை இங்கே போட்டிருக்கிறார். கணக்கு சரிதான்.

தீயைப் பற்றவைக்கிற பொறி அந்த பேட்டரியிலிருந்துதான் வருகிறது என்று வீட்டுக்கார அம்மாவுக்கு விளக்கினேன். (உங்களுக்கும் சொல்கிறேன்: என்னைக் கூப்பிடும் முன் பேட்டரியைப் பாருங்கள். எனக்கு ஒரு நடை குறையும், உங்களுக்கு ஒரு கோபம் குறையும்.) அவர் முழுக்கக் கேட்டார், தலையும் ஆட்டினார். கடைசியில் சொன்னார்:

“கடல்ல இருட்டுல்லா தம்பி, அதான் எடுத்துட்டுப் போனாவ. பட்டப்பகல்ல குளிக்கதுக்கு எதுக்கு பேட்டரி?”

மஞ்சள் தீ

வேம்பாரில் உப்பளத்துக்குப் பக்கத்து வீடு. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் அங்கே எல்லாவற்றின் மேலும் உப்புப் படியும், பர்னர் உட்பட. கேஸ் வருகிற நுண்ணிய துளைகள் அடைத்து, தீ மஞ்சளாக நெளிந்துகொண்டிருந்தது. செம்புக் குழாய் கரி பிடித்துக் கறுத்திருந்தது.

நல்ல தீ நீலமாக இருக்கும். மஞ்சளானால் கேஸ் அரைகுறையாக எரிகிறது என்று பொருள். அப்போது ஒரு புகை வரும். படித்தவர்கள் கார்பன் மோனாக்சைடு என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. மூடிய அறையில் முதலில் தலை கனக்கும், பிறகு கால் துவளும், பிறகு கை தாழ்ப்பாள் வரைக்கும் போகாது. எங்கள் தொழிலில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். சிலிண்டர் வெடிக்குமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், இதற்கு யாரும் பயப்படுவதில்லை.

துளைகளைக் குத்தி, கரியைத் துடைத்து, தீயை நீலமாக்கிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மாவின் முகம் வாடிப்போயிற்று.

“குத்துவிளக்கு மாதிரி லெச்சணமா எரிஞ்சுக்கிட்டு இருந்துது. சரி பண்ணிட்டேன்னு சொல்லுதீய, எனக்கு என்னமோ இந்த நீலத்தப் பாக்கப் பிடிக்கல.”

குறையில்லாத மெஷின்

ஏரலிலிருந்து ஒருவர் கீசரைக் கழற்ற வேண்டும் என்று கூப்பிட்டார். என்ன ரிப்பேர் என்று கேட்டேன். ரிப்பேர் இல்லை என்றார். போய்ப் பார்த்தால் வாசலில் பந்தல் பிடுங்கிய குழிகள் மூடாமல் கிடந்தன. அந்த வீட்டுப் பையன் படிப்பை முடித்து வேலைக்குச் சேர இருந்தவன். காலையில் குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. கதவை உடைத்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம், கீசரும் எரிந்துகொண்டிருந்ததாம்.

பழக்க தோஷத்தில் பற்றவைத்துப் பார்த்தேன். சுத்தமான நீலம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. கொசுவுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடைத்திருந்தார்கள். காற்று மாறாத அறையில் எவ்வளவு நல்ல தீயும் கொஞ்ச நேரத்தில் நஞ்சைத்தான் கக்கும். கீசரைக் கழற்றினேன். பிற்பாடு அதை நசுக்கிப் பழைய இரும்பில் போட்டேன். ஆனால் அன்று அந்தத் தகப்பனார் அதை ஈரத்துணியால் துடைத்து, சாக்கில் சுற்றி, அவரே என் வண்டியில் வைத்துக் கட்டினார்.

“நல்லாத்தான் எரியுது. வேற யாருக்காவது உதவும்னா குடுத்திருங்க தம்பி.”

துபாயிலிருந்து

ஏரலுக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கீசரைப் பார்க்கும் முன் ஜன்னலைத்தான் பார்க்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் பார்த்தபோது ஜன்னலே இல்லை. இருந்த இடத்தில் பிளைவுட் பலகை அடித்திருந்தது. பிள்ளை பெற்று இரண்டு மாதமான ஜைனபு என்ற பெண் தினமும் வெந்நீரில் குளிப்பதற்காக, அவள் மாப்பிள்ளை துபாயிலிருந்து பணம் அனுப்பி மாட்டச் சொன்ன கீசர் அது. தண்ணீர் போதுமான சூடாக வரவில்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பர்னரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜைனபுவின் உம்மா, மகளுக்குக் குளிக்கும்போது தலை சுற்றுகிறது, கரண்ட் கிரண்ட் கசிகிறதா என்று கேட்டார். டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறாராம்.

கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தேன். ஜைனபுவின் அண்ணன் சாகுல் கூடவே நின்றார். பலகையை எடுங்கள், கீசரைக் கொல்லைச் சுவருக்கு மாற்றுகிறேன், குழாயை மட்டும் உள்ளே விடலாம் என்றேன். மச்சானைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வீடியோ காலில் கூப்பிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். மாப்பிள்ளையோ, நான் இருக்கிற கட்டடத்தில் எல்லா பாத்ரூமிலும் ஹீட்டர் உள்ளேதான் இருக்கிறது என்றார். அது கரண்ட் ஹீட்டர், இது தீ என்றேன். பலகை எதற்கு என்று கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் புதிதாக மாடி எடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து பார்த்தால் இந்த ஜன்னல் தெரியும். கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

“மாடியில யாரு வந்து நிக்கான்னு இங்கன இருந்து என்னால பாக்க முடியாதுல்லா அண்ணே. நான் ஊருக்கு வார வரைக்கும் பலகை அப்படியே இருக்கட்டும்.”

ஒரே ஒரு சொல்

மாப்பிள்ளையிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: “அம்மா, உங்க மகளுக்கு வந்திருக்கது ரத்தக் குறைவு இல்ல. எல்லாம் காத்தால வந்த வினை. அந்த பாத்ரூம்ல காத்துதான் பிரச்சினை. அதுக்கு இன்னைக்கே ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா உயிருக்கே ஆபத்து.”

 அந்தப் பக்கமிருந்து வந்த குரலில் அப்படி ஒரு நிம்மதி. சொன்னது புரிந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக வண்டியை எடுத்தேன்.

“காத்துன்னு நானும் அன்னைக்கே சொன்னேன் தம்பி, இந்த வீட்டுல ஒருத்தரும் காதுல வாங்கல.”

அடைத்த ஓட்டை

அடுத்த வாரம் சாகுல் பதறிப்போய்க் கூப்பிட்டார். ஜைனபு குளியலறையில் விழுந்துவிட்டாள், கதவை உடைத்து வெளியே தூக்கிவந்திருக்கிறார்கள், கீசரில் கேஸ் கசிகிறதா என்று வந்து பாருங்கள் என்றார். தங்கச்சியைக் காற்றோட்டமான இடத்தில் கிடத்துங்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்கள் என்று கத்திவிட்டு ஓடினேன். நல்லவேளையாக நான் வேலையாக இருந்தது பக்கத்து ஊரான ஆறுமுகநேரியில்தான்.

நேரே குளியலறைக்குப் போனேன். பலகையின் ஓரம் முழுக்க சிமெண்ட் பூசியிருந்தது. கழிவுநீர் போகிற ஓட்டைக்கு சல்லடைத் தட்டுக்குப் பதில் மூடி. உடைந்து கிடந்த கதவின் அடியில், இடுக்கை மறைக்க ரப்பர் பட்டை அடித்திருந்தார்கள். போன வாரம் கொஞ்சநஞ்சம் காற்று வந்த இடமெல்லாம் இப்போது அடைபட்டிருந்தது. யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டேன். ஜைனபுவின் உம்மா கதவை மறந்து வெளியே வந்து என் எதிரில் நின்றார். பச்சைப்பிள்ளைக்காரியைக் காத்து கருப்பு சுலபமாகப் பிடிக்கும் என்று, பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதி, தண்ணீர் தெளித்து, எல்லாம் முறையாகத்தான் செய்திருக்கிறார்.

“நீங்கதானய்யா சொன்னிய, காத்துக்கு ஒரு வழி பண்ணணும்னு? ஒரு பொட்டுக் காத்து உள்ள வராம அடைச்சிட்டேன், பொறவும் எம் பிள்ளைய விடமாட்டேங்குதே.”

சிலிண்டர் தீர்ந்த வாரம்

ஜைனபு முன்கூடத்தில் பாயில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. பக்கத்தில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. சாகுல் வண்டிக்கு ஓடியிருந்தார். ஆனால் உம்மா அனுப்ப மறுத்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்களே, கேட்டதா, லெப்பை வரட்டும் என்று வாசலை மறித்து நின்றார். இது வேறு காத்து அம்மா என்று ஆரம்பித்து, எனக்கே என் நாக்கின் மேல் வெறுப்பு வந்து நிறுத்திக்கொண்டேன். புகை என்றேன். புகை என்றால் வாசம் இருக்காதா, சாம்பிராணி போட்டால் தெரு முழுக்க மணக்கிறதே என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

எனக்குத் தெரிந்தது மெஷின் மட்டும்தான். அதனால் மெஷினிடம் கேட்பது போலவே அவரிடமும் கேட்டேன். கீசர் ஓடாத நாளில் மகள் அதே அறையில் குளித்தது உண்டா? உண்டு, சிலிண்டர் தீர்ந்துபோய் ஒரு வாரம் விறகடுப்பில் அண்டாவில் காய்ச்சி ஊற்றினோம் என்றார். அதே அறை, அதே பலகை. அந்த வாரம் அவளுக்கு மயக்கம் வந்ததா?  உம்மா யோசித்தார். காத்து கருப்புக்கு சிலிண்டர் இருக்கிறதா தீர்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அப்போது பாயிலிருந்து, முனகலாக, நான் முதன்முதலாகக் கேட்ட ஜைனபுவின் குரல்:

“அந்த வாரம் எனக்குத் தலைகூட வலிக்கல உம்மா.”

ஒரு போன்

உம்மா வாசலை விட்டு விலகினார். கீசர் ஓடிய மூடிய அறையில் விழுந்தாள் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், ரத்தம் குறைவு என்று ஆரம்பிக்காதீர்கள் என்று வண்டி கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஜைனபு பிழைத்தாள். அந்தச் செய்தி வந்தபோது நான் அவர்கள் வீட்டுப் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தேன். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கீசர் இப்போது கொல்லைச் சுவரில் கூரைக்கடியில் இருக்கிறது. ஜன்னலுக்கு அலுமினியப் பட்டைகளைச் சாய்வாக வைத்துக் கொடுத்தேன். காற்று போகும், மாடியில் நிற்கிறவர் கண் போகாது. துபாய் மாப்பிள்ளை வீடியோ காலில் அதை எல்லாக் கோணத்திலும் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

சில மாதம் கழித்து உம்மாவே எனக்குப் போன் செய்தார். ரிப்பேர் ஒன்றும் இல்லையாம். அவர் தங்கை வீட்டில் புதிதாகக் கீசர் வாங்கி பாத்ரூமுக்குள்ளேயே மாட்டி, ஜன்னலைத் தெர்மாகோல் வைத்து அடைத்திருக்கிறார்கள். இவர் நேரே போய், உள்ளே காத்து இல்லை, அதுதான் ஆளைக் கொல்லும் என்று கெஞ்சியிருக்கிறார். தங்கையும் மருமகளும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

“நான் காத்துன்னு சொல்லி வாய மூடல தம்பி, அதுக்குள்ள லெப்பைக்கு ஆள் அனுப்பிட்டாளுவ. நீங்க இப்பமே வாங்க.”

போனேன், ஜன்னலைத் திறந்தேன், அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் என்கிறேன், ஓட்டை என்கிறேன், விஷப்புகை என்கிறேன், கீசருக்கு மூச்சு முட்டும் என்றுகூடச் சொல்லிப் பார்க்கிறேன், காத்து என்ற சொல்லை மட்டும் வாயைத் திறந்து சொல்வதில்லை.