செஞ்சி மலையில் குத்திய முள்

ஒன்றுவிட்ட தம்பியின் பேத்தி போன ஞாயிறு மலை ஓட்டப் பந்தயத்துக்குப் போய்விட்டு வந்தாள். பனியனில் பெரிய இலக்கம், காலில் விலை உயர்ந்த ஷூ. அப்படியும் குதிகாலில் ஒரு முள் ஏறியிருந்தது. ஊக்கை விளக்கில் காட்டிச் சுட்டு, வேப்பெண்ணெய் தடவி, நான்தான் எடுத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நடுவில் ஊக்கைக் கீழே வைத்துவிட்டேன். "கண்ணு தெரியலியா உனக்கு?" என்று கேட்டாள். கண் நன்றாகவே தெரிகிறது. இந்த வயதிலும் ஊசியில் நூல் கோப்பேன், வந்து பாருங்கள்.

மடத்தில் கன்னியர்கள் சொல்லிக்கொடுத்த கொஞ்ச எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்கள் அவை, எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அப்பா மில்லில் பஞ்சு பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தார். அவர் சட்டையை உதறினால் வீட்டுக்குள் பஞ்சு பறக்கும். மில்லில் ஆளைக் குறைத்தபோது அப்பாவையும் அனுப்பிவிட்டார்கள். பஞ்சு போய்விட்டது, இருமல் மட்டும் நின்றுவிட்டது. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கையேந்தவில்லை. அம்மா மாவரைத்து விற்றாள், தலை நிமிர்ந்துதான் விற்றாள்.

அந்த மே மாதம் பெரியப்பா சைகோனிலிருந்து கொங்ஜேயில், அதாவது நீண்ட விடுப்பில், வந்தார். திரும்பும்போது அப்பாவை அழைத்துப்போய் அங்கே துறைமுகத்தில் காவல் வேலை வாங்கித் தருவதாகப் பேச்சு. "ஆனா நோஞ்சான இட்டுக்கினு போனா என் மானம் போயிடும்டா. தெம்பிருந்தா வா" என்று சோற்றுக்கு நடுவில் சொன்னார். அப்பா இருமலை அடக்கத் தண்ணீர் குடித்ததை நான் பார்த்தேன்.

அம்மாவுக்கு வேறு பயம். சைகோன் போனவர்களில் சிலருக்கு அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டதென்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

பெரியப்பாவுக்கு வெள்ளைக்காரர்களைப் போல விடுமுறை கொண்டாட ஆசை. சனிக்கிழமை செஞ்சிக்குப் போய் மலையேறுவது, ஞாயிறு பூசை முடிந்ததும் பாய்ப்படகு. விடியும் முன்பே பஸ் ஏறினோம். பெரியப்பா தலையில் இருந்த வெள்ளைக்காரத் தொப்பியைப் பார்த்து எல்லைச் சுங்கச்சாவடிக்காரன் சலாம் வைத்தான், எங்கள் புளிச்சோற்றுக் கூடையை மட்டும் கிளறினான்.

கோட்டைச் சுவரைச் சுற்றி நடந்து மலையடிக்கு வந்தபோது பெரியப்பா, "நான் மேல போயி நிக்கிறேன். யார் மொதல்ல வர்றதுன்னு பாப்போம்" என்று முன்னால் ஏறிவிட்டார்.

அப்பா பந்தயப் பைத்தியம். ஆனால் தோற்றால் சொன்ன சொல் தப்பமாட்டார். ஒருமுறை கோவில் மணி நேரத்துக்கு அடிக்காது என்று பந்தயம் கட்டித் தோற்று, மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றவர். இது தெரிந்துதான் அம்மா கேட்டாள்.

"நான் முன்ன ஏறிட்டா என்னையும் புள்ளையையும் சைகோனுக்கு இட்டுக்கினு போவணும். பந்தயமா?"

"மாவாட்டுற கையி, மலையேறப் போவுதா?"

"கையாலயா ஏறப்போறேன்? பந்தயமா இல்லியா?"

"சரிமே, பந்தயம்."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். அப்படி ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கல் படிகள் சுட்டன. பின்னாலேயே நான். கடைசித் திருப்பம், அதைத் தாண்டினால் பெரியப்பாவின் தொப்பி தெரியும். அங்கே அம்மா திரும்பிக் கீழே பார்த்தாள்.

அப்பா ஒரு சுவரைப் பிடித்துக் குனிந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். முதுகு தூக்கித் தூக்கிப் போட்டது.

"இன்னாடா, யாரையும் காணோம்? நான் எறங்கி வரட்டா?" என்று மேலிருந்து பெரியப்பாவின் குரல்.

அம்மா சட்டென்று படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "முள்ளு குத்திடுச்சின்னு கத்துடி."

"எங்கம்மா?"

"கத்துடின்னா!"

கத்தினேன். "அவரு வந்துக்கினே இருக்காரு மாமா, நீங்க எறங்காதீங்க" என்று அம்மாவும் சேர்ந்து கத்தினாள். அப்பா மூச்சு அடங்கி மெல்ல ஏறி வந்தார். எங்களைத் தாண்டினார். திருப்பத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஓடினார். மேலே பெரியப்பா கைதட்டும் சத்தம் கேட்டது. அம்மாவின் பாதத்தில் கீறல்கூட இல்லை.

மறுநாள் முழுக்க அம்மா நொண்ட வேண்டியதாகிவிட்டது. அரியாங்குப்பத்து ஆற்றில் வீராம்பட்டினத்துக்காரர் ஒருவரின் பாய்ப்படகு. கடல் காற்றில் பாய் புடைத்து நின்றது. "பொம்பளகிட்ட தோக்காம மானத்தக் காப்பாத்திட்டான் என் தம்பி" என்று பெரியப்பா சிரித்தார். "அக்காவுக்கு முள்ளு குத்தலன்னா தெரிஞ்சிருக்கும் சேதி" என்றார் படகுக்காரர்.

அப்பா ஊக்கைச் சுட்டு வேப்பெண்ணெயோடு கொண்டுவந்திருந்தார். அத்தனை பேர் நடுவில் அம்மாவின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேடினார். தடவித் தடவித் தேடினார். பிறகு நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"இன்னாடா, அம்புட்டுச்சா?" என்றார் பெரியப்பா.

"ஆழமாத்தான் போயிருக்குண்ணே" என்றார் அப்பா. தன் கைக்குட்டையால் அந்த நல்ல பாதத்தைக் கட்டினார்.

பெரியப்பாவின் விடுப்பு முடிந்ததும் அப்பாவும் அவரோடு கப்பலேறினார். அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே நெஞ்சு நோயில் படுத்து, அங்கேயே அடக்கமாகிவிட்டார். பிறகு விடுப்பில் வரும்போதெல்லாம் பெரியப்பா கேட்பார்: "மலையில அந்த ஓட்டம் ஓடினானே, அவனுக்கு எப்படிம்மா நெஞ்சு நோவு வந்துச்சு?" அம்மா பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள்.

அன்று அவள் சும்மா இருந்திருந்தால் பெரியப்பா இறங்கி வந்து பார்த்திருப்பார். அப்பா ஊரிலேயே இருந்திருப்பார். அம்மாமேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா கப்பலுக்குப் படகேறிய கடல் பாலம் புயலில் போய்விட்டது. சைகோன் கப்பல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியப்பா அதே கேள்வியோடு கல்லறைக்குப் போனார், அம்மா பதில் சொல்லாமலே போனாள். அவள் காலில் முள் இல்லை என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.