ஒன்பது பேருக்கும் ஒரே அப்பா

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே ஒன்பது இன்ஜினியர்களின் இன்டர்வியூவைக் கெடுத்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை, சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று தெருவில் பெயர் எடுத்திருந்தேன். அந்த நல்ல பெயரால்தான் அவ்வளவும் நடந்தது.

அப்போது நாங்கள் அரியலூரில் இருந்தோம். அப்பா தபால்காரர். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, இன்னும் கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் அவருக்கு வாத்தியார் வேலை. பெரியப்பா திருமானூரில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள், என் அக்கா, சித்தப்பாவின் கல்லூரியிலேயே கடைசி வருஷம் படித்தாள். அவளும் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். காலையில் இருவரும் ஒரே கல்லூரி பஸ்ஸில் போவார்கள். வீட்டில் சித்தப்பா, பஸ்ஸில் ஏறியதும் சார். பாவம், ஒருநாள் தவறிப்போய் வீட்டிலேயே, "கொழம்பு ஊத்தட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டாள். அம்மா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வரப்போவதாகக் கல்லூரிக்குத் தகவல் வந்தது. எடுக்கப்போவது ஒரே ஒரு ஆளைத்தான். மார்க் பார்த்துப் பத்துப் பேரைப் பட்டியல் போட்டார்கள். அதில் அக்காவும் ஒருத்தி. அந்தப் பத்துப் பேரையும் இன்டர்வியூவுக்குத் தயார் செய்யும் பொறுப்பு சித்தப்பாவின் தலையில் விழுந்தது.

மற்ற ஒன்பது பேருக்கும் அது ஒரு வேலை. அக்காவுக்கு அது தப்பிக்க ஒரு வழி. ஜெயங்கொண்டத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த வேல கெடச்சா மெட்ராசுக்குப் போவட்டும், நான் தடுக்கல. கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம். அதுக்கு மேல யாரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது."

மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை என்பதுதான் அக்காவின் பெரிய கஷ்டம். அவனுக்குக் குடிப் பழக்கம் இல்லை, பேச்சும் மரியாதையாக இருந்தது, தலையில் முடியும் போதுமான அளவு இருந்தது. "முந்திரிக்கொட்ட வறுக்குற பொகை எனக்கு ஒத்துக்காதுன்னு சொல்லிப் பாக்கட்டுமாடி?" என்று அவள் என்னிடம் யோசனை கேட்டாள். நான் சரி என்றேன். அதைக் கேட்ட பெரியப்பா, மூக்குக்கு மருந்து இருக்கிறது என்றார்.

சித்தப்பாவுக்கு இன்டர்வியூ விஷயத்தில் ஒரு கொள்கை இருந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கேட்கிற கேள்வி ஐந்துதான் என்பார். உன் குடும்பத்தைப் பற்றிச் சொல். உன் பொழுதுபோக்கு என்ன. உன் பலம் என்ன. உன் பலவீனம் என்ன. ஐந்து வருஷம் கழித்து நீ எங்கே இருப்பாய். இந்த ஐந்துக்கும் இங்கிலீஷில் பதில் தெரிந்தால் வேலை கையில். முந்தைய வருஷம் வேறொரு கம்பெனிக்காரர் உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டதற்கு, அவருடைய மாணவன் ஒருவன் ஐந்து நிமிஷம் விழித்துவிட்டு, மேஜைமேல் கம்பெனிக்காரருக்காக வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு நன்றி சொல்லி வெளியே வந்திருந்தான். அந்த அவமானம் சித்தப்பாவுக்கு ஆறவே இல்லை.

அதனால் இந்த முறை பதில்களை அவரே இங்கிலீஷில் எழுதினார். நல்ல பதில்கள்தான். ஆனால் அவருடைய கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. என் கையெழுத்துக்கோ பள்ளிக்கூடத்தில் பரிசே கொடுத்திருந்தார்கள். "கண்ணு, இத அப்படியே அழகா ஒரு தாள்ல எழுதிக் குடு. ஜெராக்ஸ் போட்டுக்கலாம்" என்று என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனார்.

எழுதிக்கொண்டே வந்தேன். முதல் பதிலிலேயே, என் அப்பா ஒரு, என்று எழுதி அப்புறம் ஒரு கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு பதிலிலும் இப்படி ஒரு கோடு. அவரவர் தன் சொந்த விஷயத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது சித்தப்பாவின் எண்ணம். எண்ணம் அவர் மனசுக்குள் இருந்தது, என்னிடம் சொல்லவில்லை. என் பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தைக் காலியாக விடுவதைப் போன்ற குற்றம் வேறு கிடையாது. தெரிகிறதோ இல்லையோ ஏதாவது எழுது, கோட்டை மட்டும் சும்மா விடாதே என்று எங்கள் மிஸ் ஸ்கேலை வைத்துக்கொண்டே சொல்லுவார். சித்தப்பாவுக்கு ஏதோ அவசரம், விட்டுவிட்டார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நிரப்பினேன். உண்மையைத்தான் எழுதினேன்.

என் அப்பா ஒரு தபால்காரர். என் பொழுதுபோக்கு பஸ் டிக்கெட் சேர்ப்பது. என் பலம் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்வது. பலவீனத்துக்குத்தான் கொஞ்சம் யோசித்தேன். கடைசியில் எதிர் வீட்டு வான்கோழி என்று எழுதினேன். அந்த வான்கோழி என்னை மூன்று தடவை துரத்தியிருந்தது. ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பேன் என்பது சுலபமான கணக்கு. இப்போது ஐந்தாவது, அப்போது பத்தாவது. பத்தாவதில் இருப்பேன் என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டு முடித்தேன்.

சித்தப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து தாளைத் தூர இருந்து பார்த்தார். "முத்து முத்தா இருக்குடி" என்றார். அன்றைக்கே அவர் பரீட்சைப் பேப்பர் திருத்தத் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது, பத்து நாள் வேலை. அப்பாவின் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஓடும்போதே அக்காவிடம் கட்டளை போட்டார். "எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துரு. மனப்பாடம் பண்ணச் சொல்லு. ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனி வந்தது. சித்தப்பா திருச்சியிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய்விட்டார். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் கூடத்து நாற்காலியில் சித்தப்பா சாய்ந்து கிடந்தார். பக்கத்தில், பத்துப் பேரில் ஒருவரான பாடாலூர் அண்ணன் டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா வாசலிலேயே சொன்னாள். நான் கத்தப்போனேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

பாடாலூர் அண்ணன் நடந்ததை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து ஒரு அம்மாதான் கேள்வி கேட்க வந்திருந்தார்களாம். முதலில் போனவர் இவர். அப்பா தபால்காரர் என்றதும் அந்த அம்மா சந்தோஷப்பட்டு, கஷ்டப்பட்டுப் படித்திருக்கிறாய் என்று பாராட்டினார்களாம். இரண்டாவது ஆளின் அப்பாவும் தபால்காரர். மூன்றாவது ஆளிடம், இந்த ஜில்லாவில் மொத்தம் எத்தனை தபால்காரர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான்காவது ஆள் வாய்ப்பாடுதான் தன் பலம் என்றதும், எங்கே சொல் பார்க்கலாம் என்றார்களாம். அவன் ஆறு பதினாறு வரை போய் நின்றுவிட்டான். ஐந்தாவது ஆளிடம் பலவீனத்தைக் கேட்கவே இல்லை. "வான்கோழிதானேப்பா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

"ஏன் தம்பி, எழுதியிருக்குறத படிச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்றார் அப்பா.

"படிச்சோம் சார். போஸ்ட்மேன் புள்ளன்னா நேர்மையான குடும்பம்னு கம்பெனிக்கு ஒரு நம்பிக்கை வரும்னு சார் போட்டிருக்காருன்னு நெனச்சோம்."

"வான்கோழி?"

"பலவீனம்னு ஒண்ணு சொல்லியே ஆவணும். கம்பெனிக்குள்ள வான்கோழி வராது, வேலைக்கு எடஞ்சல் இல்ல. சார் எவ்வளவு யோசிச்சிருக்காருன்னு நாங்க ஆச்சரியப்பட்டோம் சார்."

"பத்தாவதுல இருப்பேன்னு?"

"பத்தாவது லெவல்னு கம்பெனில ஏதோ இருக்கும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அம்மா ஹைவே ஓரம் இளநீர் விற்று அவரைப் படிக்க வைத்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா அண்ணன் கையிலிருந்த ஜெராக்ஸ் தாளை வாங்கி ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார். "ஒரே நாள்ல எனக்கு ஒம்போது புள்ளைவுளாடா தம்பி?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இங்க வா கண்ணு. யாரு இத எழுதச் சொன்னா?"

"கோடு காலியா இருந்துச்சு" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அதற்குள் அக்கா டீயோடு வந்தாள். சித்தப்பா தம்ளரை வாங்காமல் அவளையே பார்த்தார். "நீ உங்க அப்பா என்ன பண்றாருன்னும்மா சொன்ன?"

"விவசாயம்னுதான். வேற என்ன சொல்றது?"

"பேப்பர்ல வேற மாதிரி இருந்துச்சே."

"நான் அதப் பாக்கவே இல்ல சித்தப்பா. எனக்கு இங்கிலீஷ் வரும்ல, நானே எழுதிக்கிட்டேன். அவங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்ததோட சரி."

சித்தப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் பாடாலூர் அண்ணனுக்காக அவர் கம்பெனி கம்பெனியாக அலைந்து ஓசூரில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். மற்றவர்களும் முன்னே பின்னே எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்த ஒரு வருஷம் நான் நிம்மதியாக இல்லை. தெருவில் டை கட்டிய யாரைப் பார்த்தாலும் வேறு சந்து வழியாகப் போனேன்.

அக்கா சென்னைக்குக் கிளம்பிய அன்று எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். ஜெயங்கொண்டத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள் என்று பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். பஸ் புறப்படும் நேரத்தில் அக்கா என்னைத் தனியாக இழுத்துப் போய்க் கட்டிக்கொண்டாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடி. அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத. எம்மேல கோவம் இல்லல்ல?"

எனக்கு எதற்குக் கோபம் என்று புரியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் ரொம்ப நேரம் அழுதாள். ஊரை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து நானும் கூட அழுதேன்.

இப்போது எனக்கு அவள் அன்றைக்கு இருந்த வயதைவிடப் பத்து வயது கூடுதல். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவும் இல்லை. ஆனால் சித்தப்பா திருச்சிக்குப் பஸ் ஏறப் போன அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அக்கா ஜெராக்ஸ் கடைக்குப் போகச் செருப்பைப் போட்டுக்கொண்டே தாளைப் படித்தாள். படித்தவள் வாசலிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன்க்கா என்று கேட்டதற்கு என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "இன்னொரு வெள்ளத்தாள் இருந்தா எடுத்துட்டு வாடி, வேற எழுதணும்" என்றாள். நான் உள்ளே ஓடிப்போய்ப் பையைத் துழாவித் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் சிரிப்பெல்லாம் நின்றிருந்தது. தாளை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வேணாம், வுடு. இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

ஒரு பக்கத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம்.