பக்கிரிசாமியின் முதுகு

இருளப்பனைப் போல மரத்தைக் கொலை செய்தவன் எங்கள் தோட்டத்திலேயே கிடையாது. மலாயாவில், புக்கிட் செலம்பாவ் பக்கம் பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் இறக்குகிற, எவனைக் கேட்டாலும் சொல்வான்: பட்டையைச் சீவலாம், உள்ளே இருக்கும் கட்டையைத் தொடக் கூடாது. தொட்டால் காயம் முடிச்சு விழுந்து மரம் பாழாகும். இருளப்பனுக்குப் பட்டையும் ஒன்றுதான், கட்டையும் ஒன்றுதான். மூக்குக்கு மேல் கோபம். அத்தனையையும் கத்தியில் ஏற்றி மரத்தில் இறக்குவான்.

கங்காணி பக்கிரிசாமியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தைய வருடம், இருளப்பனின் நிரையில், அவனுக்கு ஒதுக்கிய மர வரிசையில், காயம் பட்ட மரங்களைப் பார்த்தார். அவனை விட்டுவிட்டு, அவன் மனைவி மருதம்மாளின் பால் வாளியை உதைத்துக் கவிழ்த்தார். விடிந்ததிலிருந்து அவள் சேர்த்த பால் மண்ணில் ஓடியது. இருளப்பன் மரம் வெட்டும் கத்தியாலேயே கங்காணியின் தோளில் ஓர் இழுப்பு இழுத்தான். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

பட்டணத்துச் சிறைக்குப் போனான். ‘உன்னைத் திருத்தத்தான் அனுப்புகிறேன்’ என்றாராம் வெள்ளைக்கார நீதிபதி. திருத்திய லட்சணம் என்ன தெரியுமா? பொழுதுக்கும் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்க வேண்டும், நார் குறைந்தால் பாதிக் கஞ்சி. அடித்து அடித்து ஒருவனுடைய கோபம் தீரும் என்று எந்த மேதாவி கண்டுபிடித்தானோ!

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரனின் கைதிகளை அவன் விடுவிக்கவில்லை. சிறையும் சுவரும் அப்படியே இருக்க, சாவி மட்டும் கை மாறியது. புது அதிகாரி ஒரே பார்வையில் இருளப்பனை அளந்துவிட்டான். வெறிநாயை அவிழ்த்துவிடத் தெரிந்தவன் அவன். காலையில் இருளப்பனை வரிசையிலிருந்து இழுத்து, காரணமே இல்லாமல் கன்னம் வீங்க அறைவான். ரத்தம் தலைக்கேறி நிற்பவன் கையில் பிரம்பைக் கொடுத்து, கட்டிவைத்த கைதியைக் காட்டி, “புக்குல்!” என்பான். மலாயில் அடி என்று அர்த்தம். அதிகாரி மேல் காட்ட முடியாத கோபம் கட்டிக் கிடப்பவன் மேல் இறங்கும். பல் உடையும், விலா முறியும். அடித்தவனுக்கு மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு அதிகம்.

எங்கள் தோட்டத்துக் குழந்தைவேலு, பிச்சையம்மாளின் புருஷன், பசி தாங்காமல் ஜப்பான்காரன் கிடங்கில் அரிசி அள்ளிப் பிடிபட்டான். கட்டப்பட்டுக் கிடந்தவன், “இருளப்பண்ணே, நான்தான்ணே, குழந்தை!” என்று கத்தினானாம். இருளப்பனின் காதில் அதிகாரி அறைந்த அறையின் இரைச்சல்தான் இருந்தது. அடித்து ஓய்ந்தபோது குழந்தைவேலுவின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் வந்துகொண்டிருந்தது, மூச்சு வரவில்லை. அதிகாரி இருளப்பனின் தோளைத் தட்டி, ஒரு தட்டு வெள்ளைச் சோறு கொடுத்தான். சிறைக்கு வந்தபின் அவன் பார்த்த முதல் நெல்லுச் சோறு. வாயில் வைத்தான். அங்கேயே வாந்தி எடுத்தான். அதற்கும் உதை விழுந்தது.

அதன் பிறகுதான் பக்கிரிசாமியைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன வானொலியை ஒளித்துவைத்திருக்கிறார் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். “இவன் வாயைத் திறக்க வை. நீ வீட்டுக்குப் போகலாம்” என்றான் அதிகாரி. கங்காணியின் தோளில் பழைய தழும்பு தெரிந்தது. தன் கதை முடிந்தது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரம்பு இறங்கியது. முதுகெங்கும் ரத்தம் வழிந்து மண்ணில் சொட்டியது. கங்காணி அலறி அலறி மயங்கினார். வானொலி கிடைக்கவில்லை, இருந்தால்தானே கிடைக்கும்? செத்துவிடுவார் என்று அவரை வெளியே சாக்கடையில் எறிந்தார்கள். இருளப்பனுக்கு விடுதலையும் இல்லை.

ஜப்பான்காரன் தோற்றதும் சிறைக்கதவு திறந்தது. இருளப்பன் எலும்பும் தோலுமாக நடந்தே தோட்டத்துக்கு வந்தான். நாங்கள் அவனை விடுவோமா? பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டினோம். கல் விழுந்தது, செருப்பு விழுந்தது, நெற்றி பிளந்தது. பிச்சையம்மாள் மரம் வெட்டும் கத்தியோடு வந்தாள். “என் புருஷன அடிச்ச கை எதுடா?”

மருதம்மாள் ஓடிப்போய்க் கங்காணி வீட்டு வாசலில் விழுந்தாள். “நீங்க சொன்னா கேப்பாங்க கங்காணியாரே. ஒங்க கால்ல விழுறேன்லா!”

அந்த மனுஷனும் சேர்ந்து ஒரு கல் எறிவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வந்தவர் சட்டையைக் கழற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“எல்லாரும் மரம் வெட்டுறவனுங்கதானே? பாருங்கடா.”

பார்த்தோம். இடமிருந்து வலமாகச் சரிந்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, சீரான கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை, எதுவும் ஆழமாகப் போகவில்லை. பிரம்பின் நுனியால் தோலை மட்டும் கிழித்து ரத்தம் காட்டியிருக்கிறான். படித்த வைத்தியனுக்கு அது வெறும் தழும்பு. எங்களுக்கு அது வெட்டிய மரம்.

“இந்தப் பய மரத்துல ஒரு நாளாவது இப்பிடி வெட்டியிருக்கானா? கட்டையில காயமே இல்லடா. எலும்பு ஒன்னும் ஒடையல. அடிச்சி நொறுக்கி என் வாயத் தொறக்க வச்சிருந்தா, அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம்” என்றார் கங்காணி.

கல் வைத்திருந்த கைகள் தாழ்ந்தன. யாரோ இருளப்பனைக் கட்டிய கயிற்றை அவிழ்த்தார்கள். பிச்சையம்மாள் மட்டும் நகரவில்லை.

“இப்பிடி அடிக்கத் தெரிஞ்சவன், எம்புருஷன ஏன்டா இப்பிடி அடிக்கல?”

“அவன் செத்த பொறவுதான் தெரிஞ்சிச்சி தங்கச்சி” என்றான் இருளப்பன்.

பக்கத்தில் வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டையில் வலது கையை விரித்து வைத்தான். கங்காணி, “வேணாம் புள்ள!” என்று கத்தினார். பிச்சையம்மாளின் கத்தி இறங்கிவிட்டது. கட்டைவிரல் தெறித்து மண்ணில் விழுந்தது. அவன் கையை இழுக்கவில்லை. மருதம்மாள்தான் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். பிச்சையம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

கட்டைவிரல் இல்லாதவனால் மரம் வெட்ட முடியாது. தோட்டம் திரும்பத் திறந்ததும் இருளப்பன் பால் தூக்குகிறவன் ஆனான். தோளில் காண்டாக் கம்பை வைத்து, இரண்டு முனையிலும் வாளியை மாட்டிக்கொண்டு, முதலில் பிச்சையம்மாளின் நிரைக்குத்தான் போவான். அவள் வாளியை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வாள். அவன் பாலை எடுத்துக்கொண்டு நடப்பான். யாரிடமும் அவன் குரலை உயர்த்தி நாங்கள் பிறகு கேட்டதே இல்லை.

வருடங்கள் போயின. மழைக்கு மறுநாள் ஒரு காலை, அவன் அவளுடைய வாளிகளோடு சரிவில் இறங்கும்போது கால் வழுக்கியது. எப்படியோ சமாளித்து நின்றான். பின்னாலிருந்து பிச்சையம்மாளின் குரல் வந்தது, அத்தனை வருடங்களில் முதல் தடவையாக.

“பாத்து நட லா. பால் சிந்திடப் போவுது.”

இருளப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. வாளிகளை அப்படியே மெல்ல இறக்கிவைத்து, சரிவில் உட்கார்ந்து, விரல் இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.