பாய்க்கு நான் வைத்த கேள்வி

மாம்பலம் ஏரி தூர்ந்து, அந்த இடத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் மயிலாப்பூரில் ஒரு விறகுத் தொட்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் கேள்வி தயாரிப்பதில் மட்டும் எனக்கு ஒரு பைத்தியம்.

கச்சேரி சாலைப் பக்கம் இருந்த எங்கள் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கேள்வி-பதில் போட்டி நடக்கும். இரண்டு கட்சியாகப் பிரிந்து உட்காருவார்கள். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்குச் சோடா வாங்கித் தரவேண்டும். செக்ரெடரியாக இருந்த பள்ளி வாத்தியார்தான் கேள்விகளை வாசிப்பார். தயாரிப்பது நானும் என் சிநேகிதர் ஒருவரும்.

அவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். லஸ்ஸில் ஒரு கிராமபோன் கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் தேடும் பாட்டின் பெயர் தெரியாது. 'இப்படிப் போகுமே' என்று ஒரு வரியை முனகிக் காட்டுவார்கள். பாய் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு அலமாரிக்குப் போய்ச் சரியான பிளேட்டை எடுத்து வைப்பார். அந்தக் காதுக்காகவே முதலாளி அவரை வைத்திருந்தார்.

பாட்டும் விளையாட்டும் பாயின் பங்கு. புராணக் கதையும் சொல் விளையாட்டும் என் பங்கு. சனிக்கிழமை மாலை தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து ஒருவர் கேள்வியை மற்றவரிடம் போட்டுப் பார்ப்போம்.

"கிரிக்கெட்டுல பந்தே போடாம ஒருத்தன அவுட்டாக்க முடியுமா? சொல்லு நைனா" என்பார்.

நான் விழிப்பேன்.

"பந்து போட ஓடியார்றான் பாரு, அவன் பக்கத்துல நிக்கிறவன் அவசரப்பட்டு கோட்டைத் தாண்டினா, குச்சியத் தட்டி உட்டுடலாம். நீ விறகையே பாத்துக்கினு இருந்தா எப்பிடித் தெரியும்? சேப்பாக்கம் பக்கம் ஒரு நாள் வா."

என் முறை வரும்போது நானும் விடமாட்டேன். "முழுசா இருந்தா தண்ணி. வயித்த எடுத்தா கல்லு. அது என்ன பாய்?"

அவர் நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் 'கடல், நடு எழுத்து போனா கல்' என்றதும், "இதுக்கு உன்ன அதுலயே தள்ளி உடணும்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பதில் தெரியாதவர் இப்படிச் சிரித்தால்தான் அது நல்ல கேள்வி என்பது எங்கள் கணக்கு.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாயின் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தது. கடைக்கு வருகிறவர்களின் உதடு அசைவதைப் பார்த்தே பாட்டைக் கண்டுபிடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். மகளுக்கு ரம்ஜான் கழிந்து நிக்காஹ் என்று பேசி முடித்திருந்தார்கள். அதுவரை வேலை நிலைக்க வேண்டும் என்பதால் வீட்டுக்கு வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. "பாட்டுக் கேள்வியும் நீயே பண்ணு, நைனா. எனக்கு அலுத்துப்போச்சு" என்று அவர் சொன்னபோது, என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் பூரித்துப்போனேன்.

அந்த வருஷம் வாசகசாலை ஆண்டு விழாவுக்குப் பாயின் கடை முதலாளியே தலைமை. கேள்வி தயாரிக்கிறவனுக்குப் பதில் சொல்லும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை. அத்தனை கேள்விகளைத் தந்த பாய்க்குச் சபை நடுவே ஒரு கைத்தட்டல் வாங்கித் தரவேண்டும் என்று எனக்கு ஆசை. செக்ரெடரியிடம் யோசனை சொன்னேன். திரைக்குப் பின்னால் ஒருவர் பாட்டை முனகுவார், மேடையில் பாய் அது எந்தப் பாட்டு என்று சொல்வார், முதலாளியும் பார்ப்பார். பாய்க்கு முன்கூட்டித் தெரியக் கூடாது என்றும் நானே சொன்னேன்.

விழாவில் செக்ரெடரி விஷயத்தை அறிவித்தார். பாய் சிரித்துக்கொண்டே மறுத்தார். விடாமல் பிடித்து மேடையேற்றினார்கள். நான் மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். செக்ரெடரி திரைக்குப் பின்னால் போய், ஊரே அறிந்த ஒரு பாட்டின் முதல் வரியை முனகினார். அது முடிந்த பிறகும் பாய் திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"ஆரம்பிங்க சார்" என்றார்.

சபை கொல்லென்று சிரித்தது. அவர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தார்கள். செக்ரெடரி மறுபடி முனகினார்.

"இன்னா பாய், தூக்கமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அது மட்டும் கேட்டிருக்க வேண்டும். பாயின் முகம் மாறியது. வாய்க்கு வந்த ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார். சிரிப்பு மெல்ல அடங்கியது. முன்வரிசையில் முதலாளி மட்டும் சிரிக்கவே இல்லை. பாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாய் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். 'இது நாங்கள் பேசி வைத்துக்கொண்ட விளையாட்டு' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சபையும் நம்பியிருக்கும், முதலாளியும் நம்பியிருக்கலாம். ஆனால் சபையே கூடியிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

அந்த வாரமே அவரைக் கடையின் முன்பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் பெட்டி கட்டும் வேலைக்குப் போட்டார்கள். சம்பளமும் குறைந்தது. முதலாளியைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்த வியாபாரமே காதை நம்பி நடப்பது. ராயப்பேட்டையில் பாய் வீட்டுக்குப் போனேன்.

"எதுக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றார். பிறகு, "நிக்காஹ் வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன் நைனா. ஓடல" என்றார். அவர் மனைவி கொடுத்த தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சாக்குச் சொல்லி விலகிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் பாய் குடும்பத்தோடு ஆம்பூரில் இருந்த மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

இப்போதும் எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது சொல்லாமல் கொள்ளாமல் மரியாதை செய்யப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், நான் முன்னதாகவே அவரிடம் போய் ரகசியமாகச் சொல்லிவிடுகிறேன். விழாவைக் கெடுக்கிறேன் என்று திட்டுகிறார்கள், திட்டட்டும். மேடையில் நிற்கிறவர் எதைப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டு நிற்கிறார் என்பது, அவரை ஆசையோடு ஏற்றிவிட்டவனுக்குத் தெரிவதே இல்லை.