வெரோனாவும் மடுத்தீனின் முழிவியளமும்

மடுத்தீனுக்குக் காற்பந்து என்றால் உயிர். ஆனால் காற்பந்துக்கு மடுத்தீனைக் கண்ணிலும் காட்டக்கூடாது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இதை மறுத்துப் பேச ஓர் ஆள் கிடைக்காது. அவன் மைதான வேலியோரம் வந்து நின்றால் போதும், வென்றுகொண்டிருந்த ஊர் அணி தோற்றுப்போகும். வீட்டை விட்டுப் புறப்படும்போது யார் முகத்தில் முழிக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் போன காரியம் என்பது அந்தப் பக்கத்துச் சனத்தின் நம்பிக்கை. முழிவியளம் என்பார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்கூட முழிவியளத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மடுத்தீனின் முழிவியளம் படுமோசம் என்று அணித் தலைவன் சவிரிமுத்து தீர்ப்புச் சொல்லிவிட்டான். மட்ச் நாளில் அவனைத் தேத்தண்ணிக் கடையில் இருத்தி, பணிஸும் வாங்கிக் கொடுத்து, கடைசி விசில் ஊதும்வரை அசையாதே என்பார்கள். ஒருமுறை இறுதியாட்டத்தன்று எதிரணிக்காரர்கள் சைக்கிளில் வந்து, அவனை ஏற்றிக்கொண்டுபோய், பாசையூர்ச் சனத்துக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போனார்கள். கிண்ணமும் அவர்களோடே போனது. இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் மடுத்தீன் சொல்லுவான். உள்ளுக்குள் நொந்துபோயிருந்தான்.

பாரிசுக்கு வந்த பிறகு அந்தப் பெயர் தொலைந்தது. லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த இத்தாலிய ரெஸ்தோரண்ட் ஒன்றில், எண்பத்துநாலாம் ஆண்டு செப்டம்பரில், கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். முதலாளி அல்டோ வெரோனா நகரத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. ஆனாலும் அல்டோ வருவார். சமையலறை யன்னலால் நீளக் கம்பி ஒன்றை வெளியே விட்டு, வானொலியில் இத்தாலிய ஆட்டங்களைக் கேட்பார். மடுத்தீனும் வந்து அடுப்படியைத் துடைத்து, வானொலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்து, அந்தக் கிழமைக்கு வேண்டிய வெங்காயம் உரிப்பான்.

அப்படி உரித்து உரித்தே வெரோனாவின் சரித்திரம் முழுவதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. 1903இல் பள்ளிக்கூடப் பொடியன்கள் சேர்ந்து தொடங்கிய கழகம் அது. கிரேக்கம் படிப்பித்த வாத்தியார் சொல்லி, கிரேக்க நாட்டின் பழைய பெயரையே வைத்தார்கள்: ஹெல்லாஸ். நிறம் மஞ்சளும் நீலமும். அரை நூற்றாண்டு கழித்துத்தான் முதற்பிரிவையே எட்டிப் பார்த்தது. பிறகு இறங்கும், ஏறும், திரும்பவும் இறங்கும். எழுபத்துமூன்றில் மிலான் அணி கிண்ணத்தைத் தூக்க வந்த கடைசி நாளில், அதற்கு ஐந்து கோல் அடித்து அழ அழ ஊருக்கு அனுப்பியது. அல்டோ இதைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நிற்பார். பிறத்தியாரின் கிண்ணத்தைக் கெடுக்கத் தெரிந்த அணிக்குத் தனக்கென்று ஒரு சம்பியன் பட்டம் வாய்க்கவில்லை.

மடுத்தீன் சேர்ந்த அதே மாதத்தில் புதுப் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே, உலகத்திலேயே விலை கூடிய ஆட்டக்காரனை வாங்கி வைத்திருந்த நாப்போலியை வெரோனா அடித்து விழுத்தியது. பிறகு வெற்றி, சமநிலை, வெற்றி என்று போனது. இரண்டே இரண்டு தரம்தான் தோற்றது. ஒன்று, பனி கொட்டி, அவன் குடியிருந்த புறநகர் சார்செல்லிலிருந்து ரயில் ஓடாமல் மடுத்தீன் அறையில் முடங்கிய ஜனவரி ஞாயிறு. மற்றது, லண்டனிலிருந்து வந்த கூறைச்சேலையை வாங்கிவர அவன் லீவு போட்ட ஞாயிறு. அல்டோவுக்கு விசயம் விளங்கிவிட்டது. "என் அதிர்ஷ்டம் அந்த முக்காலியில் இருக்கிறது" என்று வருகிற போகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொன்னார். மடுத்தீன் தலையைக் குனிந்துகொண்டு கோப்பை கழுவினான். அவனுக்குப் பிடிபடாத சந்தோசம். இருபத்தெட்டு வயதில் முதல்முதலாக ராசியான மனுசன் ஆகியிருந்தான். இது மட்டும் பறிபோய்விடக்கூடாது மாதாவே என்று இரவும் பகலும் வேண்டிக்கொண்டான்.

கூறைச்சேலை பேர்ளிக்கு. மன்னார்ப் பெண். வில்லியே லே பெல் என்ற புறநகரில் அக்கா வீட்டில் இருந்தாள், வாய்க்காரி. மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கோயிலில் தாலி கட்டினார்கள். விருந்து மறுநாள், மே 12. நம்முடைய ஆட்கள் பாதிப்பேர் ரெஸ்தோரண்ட் வேலை, ஞாயிற்றில்தான் வரமுடியும். இடம் தானே தருவதாக அல்டோ சொல்லிவிட்டார். ஒரேயொரு நிபந்தனை. அன்று பின்னேரம் நாலு மணிக்கு பெர்காமோ நகரில் ஆட்டம். ஒரு சமநிலை போதும், வெரோனா சம்பியன். மாப்பிள்ளை நாலு மணிக்கு முக்காலிக்கு வந்துவிட வேண்டும்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை கோட்டுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தான். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. எட்டிப் பார்த்த பேர்ளியின் சித்தி பியட்றிஸ் திகைத்துப்போய் வெளியே வந்து, "பெடியன் அழுகுது. ஆரும் கட்டாயப்படுத்தித் தாலி கட்டவைச்சவையோ?" என்று விசாரித்தாள்.

அந்த நேரத்தில் பெர்காமோக்காரன் கோல் அடித்தான். அல்டோ நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆட்டிறைச்சிக் கறிக்காக அடுப்படிக்கு வந்த ஒருவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சவிரிமுத்துதான். பாரிசுக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. ஊர்க்காரனை விருந்துக்குக் கூப்பிடாமல் விட முடியுமா? மூன்று நாளாக மடுத்தீன் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

"டேய், மட்ச் கேக்கிற இடத்திலை இவனையோ இருத்தி வைச்சிருக்கிறியள்?" என்று சவிரிமுத்து கத்தினான். "பாசையூரே இவனாலைதான் கிண்ணத்தைக் கண்ணாலை காணேல்லை!"

"அண்ணை, மெல்லப் பேசுங்கோ" என்றான் மடுத்தீன்.

மெல்லப் பேசிப் பழக்கமில்லாதவன் சவிரிமுத்து. தேத்தண்ணிக் கடை, பணிஸ், சைக்கிள் எல்லாவற்றையும் கொட்டினான். அல்டோ என்ன என்ன என்று பதறினார். கடையில் பரிமாறுகிற ராதாகிருஷ்ணன் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. "என்ன மடுத்தீன், முசியேகிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். மடுத்தீன் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லியும் விட்டார்.

அல்டோவின் முகம் வெளிறியது. முக்காலியைப் பார்த்தார், மடுத்தீனைப் பார்த்தார். வானொலியில் பாதிநேர விசில் கேட்டது.

மடுத்தீன் எழுந்தான். ஏப்ரனைக் கழற்றி மடித்து முக்காலியில் வைத்தான். மனுசன் ஊரின் எண்பது வருசக் கனவை இந்த வானொலிக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டிக் காத்தார், நான் போய் அதைக் கெடுக்கலாமா என்று நினைத்தான். பின்கதவால் தெருவில் இறங்கப் போனவனின் கோட்டை ஒரு கை பிடித்து இழுத்தது.

"இஞ்சேருங்கோ, என்னை விட்டிட்டு எங்கை போறியள்?" பேர்ளி நின்றாள்.

அவன் ஒளிக்கவில்லை. "என்ரை முழிவியளம் சரியில்லை பேர்ளி. சின்னனிலையிருந்தே அப்பிடித்தான். உமக்குச் சொல்லாமல் விட்டிட்டன்." இம்முறை கண்ணீர் வெங்காயத்தால் வந்ததல்ல.

"இதுவோ விசயம்? கலியாணம் பேசேக்கை பாசையூரிலை விசாரிச்சவை, அதையும்தான் சொன்னவை. பெடியன் குடிப்பானோ எண்டுதான் அம்மா கேட்டவ. பந்தைப் பற்றி எங்கடை வீட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அங்கை தோத்துக்கொண்டிருக்கினம், பேர்ளி."

"தோத்தா, எங்கள் ரெண்டு பேராலையும் தோத்ததா இருக்கட்டும். வாங்கோ."

பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து முக்காலியில் இருத்தினாள். பக்கத்தில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தானும் ஒரு கத்தியை எடுத்தாள். அல்டோ வேண்டாம் என்று கையைத் தூக்கினார். பேர்ளி ஒரு பார்வை பார்த்தாள். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. நாலைந்து வெங்காயம்கூட உரித்திருக்க மாட்டார்கள், வானொலிக்குள் இருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். கோல்! ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு அந்த அடுப்படியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கறி அடிப்பிடித்ததைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசி விசில் ஊதியபோது அல்டோ கீழே உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். பிறகு எழுந்து வந்து பேர்ளியின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். பியட்றிஸ் சித்திக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் வெரோனா பட்டியலில் சறுக்கியது. அல்டோ யாரையும் நொந்துகொள்ளவில்லை. மதாம் பேர்ளி பிள்ளைத்தாய்ச்சி, ஞாயிறுகளில் வரமுடியவில்லை, வேறென்ன நடக்கும் என்றார்.

ஆனால் மடுத்தீன் மனதில் வைத்துக்கொண்டது வேறொன்றை. விருந்து நடந்த அந்தக் கோடையிலேயே பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டி நகரில் நம்முடைய பொடியன்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி நடந்தது. அதற்கு முதல்நாள் சவிரிமுத்து மடுத்தீன் வீட்டு வாசலில் வந்து நின்று, செருமிக்கொண்டு, "நாளைக்கு எங்கடை மட்ச் மடுத்தீன். வாவன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா" என்றான்.

போனார்கள். மைதானத்து எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, எல்லாருக்கும் முன்னால், இருவருக்கும் கதிரை போட்டிருந்தது. பாசையூர்ப் பொடியன்கள் நாலு கோல் வாங்கிப் படுதோல்வி அடைந்தார்கள். சவிரிமுத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தான். மடுத்தீன் பழக்கதோசத்தில் எழுந்து போகத் தயாரானான். பேர்ளி அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

சவிரிமுத்து அவர்களைக் கடந்து நேரே போய்க் கோல் கீப்பரைத் திட்டினான்.