கேட்டால்தான் பேர்

குமிழை இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. பாத்திரக்கடை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் ராணியம்மாள், மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்க்கிறார். "இன்னா பண்ணுதுன்னு மொதல்ல காது சொல்லணும். அப்பாலதான் கை." டேப்ரிக்கார்டரில் பாட்டைப் போட்டுவிட்டு, பல் பிடுங்க வந்தவரைப் போல எதிரே நிற்கிறார் ரேடியோ மெக்கானிக் ஏகாம்பரம்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் இருபது வருஷமாகச் சீர்ப்பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவர் ராணியம்மாள். குடத்தின் கழுத்தானாலும் கரண்டிக் காம்பானாலும் உளிமுனையில் எழுத்து புள்ளி புள்ளியாக ஓடும். இனிஷியல் இல்லாமல் வெட்டச் சொன்னால் கோபம் வரும். அவருடைய டிபன்பாக்ஸ், குடைக்கம்பி, புருஷன் வரதனின் சைக்கிள் மணி, எல்லாவற்றிலும் பேர் உண்டு. வரதன் மேல்தான் இன்னும் வெட்டவில்லை என்பார் கடைக்காரர்.

ஏகாம்பரம் கச்சேரிக் குழுக்களுக்குப் பெட்டி செய்கிறார். ஆர்கன் வாசிப்பதை உள்ளே விட்டால், அது நடுங்கியோ எதிரொலித்தோ வெளியே வரும். எந்தக் குமிழ் எதற்கென்று முன்பக்கத் தகட்டில் எழுதவேண்டும். அதை அவர் பேனல் என்பார். ராணியம்மாளுக்கு அது மூஞ்சி. "பொட்டின்னா ஒரு மூஞ்சி வாணாமா?" அலுமினியத் தகட்டில் புள்ளி அடித்து, கறுப்புப் பெயிண்டைத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் எழுத்து பளிச்சென்று நிற்கும்.

முதல் மூஞ்சிக்கு ஏகாம்பரம் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தார். ராணியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல ஒரு கோடு பிசகாமல் வெட்டினார். பிசகியது ஏகாம்பரம்தான். பெட்டியைத் திறந்துவைத்துப் பின்னாலிருந்து பார்த்துப் படம் போட்டதில் இடது வலதாகிவிட்டது. சாலவாக்கத்தில் கல்யாண வரவேற்பு. ஆர்கன் ராஜாராம் கொஞ்சம் எதிரொலி வைக்கலாமென்று பேரைப் பார்த்துக் குமிழைத் திருப்ப, சத்தம் உச்சிக்குப் போனது. ஸ்பீக்கர் அலறிய அலறலில் மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா கச்சேரியை நிறுத்தச் சொன்னார். குழு சாப்பிட்டுவிட்டு டவுன்பஸ்ஸில் திரும்பியது. பேசிவைத்திருந்த அடுத்த மூன்று கல்யாணமும் வேறு குழுவுக்குப் போய்விட்டது.

யாரும் ராணியம்மாளைக் குறை சொல்லவில்லை. ஏகாம்பரமே தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். ராணியம்மாளுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "வெட்டுனது என் கைதானே? பேரு மாறிப்போன ஒரு அண்டாவால அண்ணந்தம்பி பேச்சுவார்த்த இல்லாம கீறாங்க, தெரியுமா?" பெட்டியைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு குமிழாகத் திருப்பிக் கேட்டார். கேட்டதைத் தனக்குத் தெரிந்த எழுத்தில் வெட்டினார். மெலிந்த ஒலிக்குக் கீச்சு. தடித்ததற்கு உறுமல். நடுக்கத்துக்குக் குளிரு. எதிரொலிக்குக் கெணறு.

ஏகாம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இங்கிலீஷ் இருந்தால்தானே ஃபாரின் சாமான் மாதிரி இருக்கும் என்று கெஞ்சினார்.

"நீ பண்ணது உத்திரமேரூர்ல. பொட்டி இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?"

ராஜாராம் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் திருமுக்கூடல் திருவிழாவில் பாடகர் மேடையிலேயே திரும்பி, "கெணறு கொஞ்சம் கொறைப்பா" என்றபோது ராஜாராமின் கை தானாகச் சரியான இடத்துக்குப் போனது. கச்சேரி கடைசிவரை நடந்தது. இப்போது மூன்று குழுக்கள் அதே மாதிரி மூஞ்சி கேட்டு நிற்கின்றன. "அக்காகிட்டதான் கேக்கணும்" என்று ஏகாம்பரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்கிறார்.

போன வாரம் வந்த பெட்டியில் ஐந்து குமிழ்கள். நான்குக்குப் பேர் வெட்டியாகிவிட்டது. ஐந்தாவதைத் திருப்பினால் பாட்டு அது பாட்டுக்கு ஓடுகிறது. கோடி வரைக்கும் திருப்பினார். ஒன்றுமில்லை. ஏகாம்பரம் பிடரியைச் சொறிந்தார். தகட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டுவிட்டாராம். வெறுமனே விட்டால் அசிங்கமாக இருக்குமென்று குமிழை மாட்டிவிட்டாராம். உள்ளே ஒயரே கிடையாதாம்.

"ஏதாச்சும் ஒரு இங்கிலீஷ் பேரா போட்ரு, அக்கா. பாக்கறவனுக்கு இன்னா தெரியப்போவுது?"

ராணியம்மாள் முந்தானையால் தகட்டை ஒருமுறை துடைத்தார். உளியை அந்தக் குமிழுக்குக் கீழே வைத்து, அவசரமில்லாமல், புள்ளி புள்ளியாக வெட்டினார்: சும்மா.