அப்பாவின் கோடு போட்ட உடுப்பு

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், இன்று காலை ஒருவர் நீலக் கோடு போட்ட பைஜாமாவும் அதே துணியில் சட்டையுமாக லிப்டில் ஏறினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே அப்பாவைக் கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும்போல இருந்தது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

வயலில் கோவணம், வீட்டில் கைலி, வெளியே வேட்டி என்று வாழ்ந்தவர் அவர். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் ஊர்க் காதர் பாய் இப்படி ஒரு ஜோடியை அவருக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் படுப்பதற்கென்று தனி உடுப்பு யாருக்கும் கிடையாது. அதனால் பத்தாம் வகுப்பில் எனக்குப் பரிசு கொடுத்த நாளில், அதை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு திருத்துறைப்பூண்டிப் பள்ளிக்கு வந்துவிட்டார்.

“என்னங்க, படுக்கையிலேருந்து நேரா வர்றீங்களா?” என்றார் கணக்கு வாத்தியார். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

“இல்லீங்க சார், விடியக்காலையிலயே குளிச்சிட்டேன்” என்றார் அப்பா. பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: “எல்லாரும் என்னையேதான் பாத்தாங்கல்ல?”

“ஆமாம்ப்பா. நல்லா இருந்துச்சு.”

வீட்டுக்கு வந்ததும் அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். “இவன் பட்டம் வாங்கறப்ப போட்டுக்கறேன். அதுவரைக்கும் எடுக்காத” என்று அம்மாவிடம் சொன்னார்.

பட்டமளிப்பு விழாவின் தேதியை நான் அவருக்குச் சொல்லவில்லை. பட்டத்தைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

“அப்படியா, அலைச்சல் மிச்சம்” என்றவர், கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார்.